மாடிப்படியில் நின்ற கள்வன்





பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் இறைக்கட்டளை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனத்தில் இருக்கிறது. அந்த வசனத்தை மத்ரஸாவில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். அதை நானே மறந்து, என் வீட்டு மாடிப்படியில் இருளில் நின்ற ஓர் இரவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் சிலருக்கேனும் இது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

என் மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த விடுமுறை அது. இஷாத் தொழுகைக்குப் பின் அவனும் அவன் நண்பர்கள் மூவரும் மாடி அறையில் கூடிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நள்ளிரவு வரை பேச்சுக் குரல் கேட்கும். கைப்பேசியைப் பற்றியும் போதைப்பொருளைப் பற்றியும் பெற்றோர்கள் என்னிடம் வந்து அழுதவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டு என் மனம் ஏற்கெனவே பயந்திருந்தது. போதாதற்கு, "உஸ்தாத் மகனே இப்படியா?" என்று ஊர் கேட்டுவிடுமோ என்னும் அச்சமும் இருந்தது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது அச்சம்தான் பெரிதாக இருந்தது.

ஓர் இரவு செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஓசைப்படாமல் மாடியேறிக் கதவருகே நின்றேன். உள்ளே என் மகனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"காவலாளி அந்தப் பக்கம் திரும்பும் வரை தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். அவன் திரும்பியதும் மெதுவாக நடந்து கதவை அடைகிறேன். பூட்டைத் திறக்கப் பார்க்கிறேன்."

எனக்கு உடல் நடுங்கிவிட்டது. வந்த வழியே இறங்கிவிட்டேன். மறுநாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் அவன் பள்ளிவாசலிலேயே ஓதிக்கொண்டு அமர்ந்திருந்த நேரத்தில், அவனுடைய பையைத் திறந்து பார்த்தேன். தேர்வுப் புத்தகங்களுக்கு நடுவே படங்கள் நிறைந்த ஓர் ஆங்கிலப் புத்தகமும், பென்சிலால் எழுதிய தாள்களும், பல முகங்கள் கொண்ட பகடைகளும் இருந்தன. தாளின் மேல் வரியில் அவன் கையெழுத்தில் 'ரோக்' என்று இருந்தது. அகராதியைப் புரட்டினேன். போக்கிரி, கயவன் என்று பொருள் சொன்னது.

அவன் வீடு திரும்பியதும், புத்தகத்தை மேசைமேல் வைத்துக் கேட்டேன். அவன் முகம் வெளுத்தது. சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தலையைக் குனிந்தபடி சொன்னான்:

"வாப்பா, நேற்று இரவு நீங்கள் கதவுக்கு வெளியே நின்றது எங்களுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மாடிப்படி விளக்கு உங்கள் முதுகுப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்குக் கீழே உங்கள் கால் நிழல் விழுந்தது. உங்கள் அத்தர் வாசனையும் வந்தது. மற்றவர்கள் முன்னால் உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று ஒன்றும் தெரியாதது போலப் பேசிக்கொண்டிருந்தேன்."

அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே பார்த்து, அங்கே தவறு செய்துகொண்டிருந்த ஒருவரைக் கண்டித்தார்கள். அவரோ, தாம் செய்த பிழை ஒன்று என்றும், வேவு பார்த்தது, வாசல் வழியாக வராதது, ஸலாம் சொல்லி அனுமதி கேட்காதது என்று கலீஃபாவிடம் மூன்று பிழைகள் இருப்பதாகவும் எடுத்துச் சொன்னார். உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்று அவரை விட்டுவிட்டார்கள். இந்த நிகழ்ச்சியை என் மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் மகனோ ஒரு பிழைகூடச் செய்திருக்கவில்லை. "பையைத் திறந்ததும் கதவருகே நின்றதும் என் தவறு, வாப்பா. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவனும் புத்தகத்தை மறைத்து வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் அவனிடமிருந்தும் அவன் என்னிடமிருந்தும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அதன்பின், "உட்கார். இது என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன்.

அவன் சொல்லித் தந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். அந்த விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் இப்போது இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். செயல் கைகூடியதா இல்லையா என்பதை விதிகளும் 20 முகங்கள் கொண்ட பகடையும் முடிவு செய்யும். கள்வன் என்னும் பாத்திரம் மறு ஆண்டு, 1975-இல் வெளியான துணைநூலில் வந்து சேர்ந்தது. 'ரோக்' என்பது இன்று அந்த வகைக்கு வழங்கும் பெயர். அவனால் வாள்வீரனைப் போல நேர் நின்று போரிட இயலாது. மறைவதும் ஓசையின்றி நகர்வதுமே அவன் பலம்.

பூட்டைத் திறப்பவனை நல்ல பிள்ளைகள் ஏன் விரும்புகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆனால் பதுங்கும் விதிகளை அவன் விளக்க விளக்க, ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கே ஆர்வம் பிறந்துவிட்டது. இத்தனை ஒழுங்கை நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் விதி, உங்களைத் தெளிவாகக் காண்கின்ற ஒருவரிடமிருந்து ஒளிய முடியாது. எவ்வளவு திறமை இருந்தாலும் தூணோ சுவரோ இருளோ ஒரு மறைவு வேண்டும். இரண்டாவது, ஓசை எழுப்பினால் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும். 2024-இல் வந்த திருத்திய பதிப்பு இதை இன்னும் கறாராகச் சொல்கிறது. கிசுகிசுப்பைவிட உரத்த ஓசை எழுப்பினாலோ, யாரையேனும் தாக்கினாலோ, எதிரி கண்டுபிடித்துவிட்டாலோ மறைவு அத்துடன் முடிந்தது. மூன்றாவது, மங்கலான வெளிச்சத்தில் காவலாளியின் பார்வை குறைபடும். முழு இருளில் அவன் குருடனுக்கு ஒப்பானவன். நான்காவது, மறைவிலிருந்து வெளியேறித் திறந்தவெளியைக் கடந்தால், விழிப்போடு இருப்பவன் பெரும்பாலும் கண்டுவிடுவான். அவன் கவனம் வேறெங்கோ இருக்கும்போதுதான் கடக்க முடியும்.

நடையைப் பற்றிய விதிகள் தனி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நெடுவழிப் பயணத்தில் மூன்று வேகங்கள் உண்டு. மணிக்கு 4 மைல் என விரைந்து நடப்பவருக்குச் சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் திறனில் 5 புள்ளிகள் குறைந்துவிடும். 3 மைல் என்பது இயல்பான நடை. மணிக்கு 2 மைல் என மெதுவாக நடப்பவருக்கு மட்டுமே பதுங்கிச் செல்ல அனுமதி. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில், பாதி வேகத்துக்கு மேல் நகர்ந்தால் மறையும் திறனில் 5 புள்ளிகளும், ஓடினால் 20 புள்ளிகளும் குறையும். 2014-இன் அந்த ஐந்தாம் பதிப்பில் 9-ஆம் நிலையை எட்டிய ஒருவகைக் கள்வனுக்கு, தன் வேகத்தில் பாதிக்கு மேற்படாமல் நகர்ந்தால் மறைவதில் கூடுதல் வாய்ப்பு உண்டு. எந்தப் பதிப்பை எடுத்தாலும் அவசரக்காரன் அகப்பட்டுக்கொள்கிறான்.

இதைக் கேட்டபோது, லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரை என் நினைவுக்கு வந்தது. நடையில் நடுநிலையும் குரலில் தாழ்வும் வேண்டும் என்று அவர்கள் சொன்னதை ஸூரா லுக்மானில் ஓதுகிறோம். நடையும் குரலும்தான் ஒரு மனிதனை முதலில் வெளிப்படுத்துகின்றன. அதே இரண்டையும் என் மகன் ஒரு விளையாட்டுப் புத்தகத்திலிருந்து எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் பகடையை நான் ஏற்கவில்லை. பகடை உருட்டும் 'நர்த்' ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக இழித்துரைத்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நம் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள், அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டத்தையும் சிந்தனையைச் சார்ந்த ஆட்டத்தையும் பிரித்தே பேசுகிறார்கள். கற்பனைத் தெய்வங்களை வழிபடும் பாத்திரங்களும் அந்தப் புத்தகத்தில் உண்டு. "பணம் வைத்து ஆடவில்லை என்பது சரி. ஆனால் பகடையும் அந்தப் பாத்திரங்களும் நம் வீட்டுக்குள் வேண்டாம்" என்றேன். அவன் வாதாடவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளோடு வந்தான். "வாப்பா, பகடை இல்லாமலும் வழி இருக்கிறது. புத்தகத்திலேயே இருக்கிறது" என்றான்.

வழி இதுதான். ஒரு செயலுக்குப் பகடை உருட்டாமல், 10 என்னும் நிலையான எண்ணோடு அவரவர் திறமையைக் கூட்டிக்கொள்ளலாம். சூழல் சாதகமானால் 5 கூடும், பாதகமானால் 5 குறையும். அவனுடைய கள்வனுக்கு உடல் லாகவத்துக்கு 3, பயிற்சிக்கு 4. ஆகப் பதுங்கும் திறன் 17. புத்தகத்திலுள்ள சாதாரணக் காவலாளியின் கவனிப்பு 12. வெளிச்சம் மங்கினால் அது 7 ஆகிவிடும். அவன் நண்பனின் போர்வீரனுக்குத் தனித் திறமை எதுவுமில்லை, இரும்பு வளையங்களால் ஆன கவசம் வேறு அணிந்திருக்கிறான். எனவே 10-இல் 5 போய் மிச்சம் 5. இருளிலும்கூட அவனைக் காவலாளி கேட்டுவிடுவான்.

"அப்படியானால் அவன் என்ன செய்வான்?" என்று கேட்டேன்.

"கவசத்தைக் கழற்றிவிட்டு வருவான், வாப்பா. இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து போவோம். கூட்டமாகப் போகும்போது பாதிப் பேராவது சரியாகச் செய்தால் எல்லோரும் தப்பிவிடலாம். திறமையுள்ளவன் மற்றவனுக்கு வழிகாட்டுகிறான் என்று கணக்கு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தனித்துத் தடுமாறுகிறவனை ஜமாஅத் தாங்கிக்கொள்கிறது என்பதைச் சொல்ல இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பகடை போனபின் அந்த ஆட்டத்தில் எஞ்சியது யோசனை மட்டுமே. விளக்கு எங்கே இருக்கிறது, காவலாளி எந்தப் பக்கம் பார்க்கிறான், எவ்வளவு மெதுவாகப் போகலாம், எதை உடலிலிருந்து கழற்றலாம் என்று நால்வரும் உட்கார்ந்து கணக்கிடுகிறார்கள். இதற்கு நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது முஃப்திகளின் வேலை. உங்கள் பிள்ளைகள் ஆடினால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டில் இந்த அளவோடு நான் அனுமதித்தேன்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி இன்னும் என்னிடம் எஞ்சியிருந்தது. "இத்தனை பாத்திரங்கள் இருக்க, கள்வனை ஏன் தேர்ந்தெடுத்தாய்?"

"கள்வன் திருடியே ஆக வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை, வாப்பா. மறையத் தெரியும், அவ்வளவுதான். எதற்காக மறைகிறான் என்பதை ஆடுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். அன்று நான் திறக்கப் பார்த்தது சிறைக்கதவு. உள்ளே ஒரு கைதி இருந்தான்."

கதவுக்கு வெளியே நின்று பாதிப் பேச்சைக் கேட்டவனுக்கு இது எங்கே தெரியப் போகிறது!

அவன் போனபின் நெடுநேரம் யோசித்தபடி அமர்ந்திருந்தேன். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதுதான் ஹதீஸ் பாடத்தில் நாம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது. மறைந்து செல்வதும் அப்படியே. ஹிஜ்ரத்தை ஒரு விளையாட்டோடு ஒப்பிடும் எண்ணம் எனக்கில்லை, அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆனால் 622-இல் மக்காவை விட்டு வெளியேறிய பயணத்தைப் புதிய கண்ணோடு அன்று எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் வீட்டுக்குள் அடங்கியிருக்கும் நண்பகல் வேளையில், முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு அபூபக்ர் (ரலி) அவர்களின் வீட்டுக்கு நபிகளார் (ஸல்) வந்தார்கள். மதீனா வடக்கே இருக்க, தெற்கே உள்ள ஸவ்ர் மலைக் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் இரவில் வந்து செய்தி சொல்லிவிட்டு, விடியுமுன் ஊர் திரும்பிவிடுவார். ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிவந்து காலடித் தடங்களை அழிப்பார். அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை கொண்டிருந்தவர்கள்தாம் நேரத்தையும் திசையையும் தடத்தையும் இத்தனை கவனமாகத் திட்டமிட்டார்கள்.

அதே இரவில் தம் படுக்கையில் அலீ (ரலி) அவர்களைப் படுக்க வைத்தார்கள் அல்லவா? மக்கா மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டுச் சென்றார்கள். தம்மைக் கொல்லத் தேடுகிறவர்களின் பொருளும் அதில் இருந்தது. கள்வன் மறைவது பிறர் பொருளை எடுத்துக்கொள்ள. நபிகளார் (ஸல்) மறைந்து சென்றபோதோ, பிறர் பொருள் அவரவர் வீடு போய்ச் சேர வழிசெய்துவிட்டுச் சென்றார்கள்.

அன்பின் காரணமாக ஓசையின்றி நடப்பதும் உண்டு. நள்ளிரவில் ஜன்னத்துல் பகீக்குச் செல்ல எழுந்த நபிகளார் (ஸல்), ஆயிஷா (ரலி) உறங்கிவிட்டார்கள் என்றெண்ணி, மேலாடையை மெல்ல எடுத்து, மெல்லச் செருப்பணிந்து, கதவையும் மெல்லத் திறந்து சென்ற நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் உறங்குபவரை எழுப்பாதபடியும் அவர்கள் இரவில் ஸலாம் சொன்னதை மிக்தாத் (ரலி) அறிவிக்கிறார்கள். உறங்கும் ஒருவரின் உறக்கத்தைக் காப்பதற்காக இத்தனை கவனம்!

நானும் அன்றிரவு மெல்லத்தான் நடந்தேன், செருப்பைக் கழற்றினேன். ஆனால் என் நடையில் இருந்தது சந்தேகம். என் மகனின் விளையாட்டில் மறைந்து சென்றவன் ஒரு கைதியை விடுவிக்கப் போனான். உண்மையில் மறைந்து நின்ற நானோ ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க நின்றேன்.

அந்த முதல் விதியை இப்போதும் அடிக்கடி எண்ணிக்கொள்கிறேன். தெளிவாகக் காண்பவனிடமிருந்து ஒளிய முடியாது. கண்களின் கள்ளப் பார்வையையும் நெஞ்சங்கள் மறைப்பதையும் அறிபவன் அல்லாஹ். அவனுக்கு முன்னால் தூணும் இல்லை, இருளும் இல்லை. நாம் அவனைக் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்னும் உணர்வோடு வாழ்வதே இஹ்ஸான் என்று ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஹதீஸில் கற்கிறோம். மாடிப்படி விளக்கு என் முதுகில் எரிந்தது எனக்குத் தெரியவில்லை. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியாததா? தெரிந்ததை அந்த நேரம் மறந்திருந்தேன்.

இப்போது மாடியேறும்போது கீழ்ப்படியிலேயே ஸலாம் சொல்லிவிடுகிறேன். அவர்களும் கதவைச் சாத்துவதில்லை. சில இரவுகளில் தேநீரோடு போய், பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். "உஸ்தாத், இந்த முற்றத்தை எப்படிக் கடக்கலாம்?" என்று கதை நடத்தும் பையன் என்னிடமே யோசனை கேட்கிறான். விளக்கு எங்கே இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். அதைக் கேட்டதும் என் மகன் தாளைப் பார்ப்பது போலக் குனிந்து சிரிப்பான்.

அவன் இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறான். சென்ற முறை வந்தபோது பேருந்து தாமதமாகி, நள்ளிரவுக்குப் பிறகுதான் வீடு சேர்ந்தான். கதவு திறந்த ஓசையே கேட்கவில்லை. கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தன் உம்மாவையும் தங்கையையும் எழுப்பாமல், சுவரோரமாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவந்தான். ஓதிக்கொண்டிருந்த என் அருகே வந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் ஸலாம் சொன்னான். நானும் அதே குரலில் பதில் சொன்னேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைச் சந்தேகத்தோடு பின்தொடராமல் அன்போடு உடன் நடக்கும் பெற்றோராக எங்களை ஆக்குவாயாக! தனிமையிலும் கூட்டத்திலும் நீ எங்களைக் காண்கிறாய் என்னும் உணர்வை எங்களுக்கும் அவர்களுக்கும் தந்தருள்வாயாக! எங்கள் குறைகளை மறைத்து, எங்களை மன்னிப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.